பத்து வருடத்துக்கு எழுதிக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: மேடம், வணக்கம். டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊரில் பூப்பந்தாட்டக் கழகத்தின் செயலாளர் நான். வருடா வருடம் மே மாதம் மூன்று நாள் மின்னொளியில் ஐவர் பூப்பந்து (பால் பேட்மின்டன்) போட்டி நடத்துகிறோம். இது நாற்பத்து மூன்றாவது வருடம். ஒரு காலத்தில் முப்பது டீம் வரும், கயிற்றுக்கு வெளியே நிற்க இடம் இருக்காது. போன வருடம் பதினோரு டீம்தான். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் பழைய ஆட்டக்காரர்கள். இப்போது ஒரு சேனல்காரர் வந்து, போட்டியை டிவியில் காட்டுகிறோம் என்கிறார். ஏழு பக்க ஒப்பந்தம், முழுக்க ஆங்கிலம். தயாரிப்புச் செலவுக்கு நாங்கள் நான்கு லட்சம் கட்ட வேண்டும். பத்து வருடத்துக்கு எல்லா உரிமையும் அவர்களுக்கு. பதிலுக்கு அரை மணி நேர நிகழ்ச்சி இரண்டு. எங்கள் மொத்த பட்ஜெட்டே ஆறு லட்சம். தலைவர், 'வாசல் தேடி வந்த லட்சுமி' என்கிறார். பொருளாளர், கையெழுத்துப் போட்டால் ராஜினாமா என்கிறார். என்ன செய்வது? கபடிக்கு வந்த வாழ்வு எங்களுக்கு வராதா?

பதில்:

செயலாளர் சார், வணக்கம். நீங்கள் அனுப்பிய ஏழு பக்கத்தையும் படித்தேன். இதில் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்காக வந்தவரைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். பொருளாளர் ராஜினாமாவைக் கொஞ்ச நாள் சட்டைப்பையிலேயே வைத்திருக்கட்டும்.

விளையாட்டு அமைப்புகளுக்கு ஒளிபரப்பு ஒப்பந்தம் பார்த்துக் கொடுப்பதுதான் என் தொழில். அதில் நான் கண்ட ஒரு வேடிக்கை உண்டு. பெரிய விளையாட்டுக்காரர்களிடம் மூன்று வருடம், ஐந்து வருடம் என்று கேட்பவர்கள், சின்ன விளையாட்டுக்காரர்களிடம் வந்தால் பத்து, பதினைந்து என்று கேட்பார்கள். எதிரே இருப்பவர் எண்ணிப் பார்க்க மாட்டார் என்ற தைரியம்தான்.

உங்கள் கமிட்டியில் எல்லோரும் அந்த நான்கு லட்சத்தைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள் என்று தெரிகிறது. 'நாம் ஆடுவதைக் காட்ட நாமே காசு கட்டுவதா' என்று பொருளாளருக்குக் கோபம். அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. 1990களின் தொடக்கம் வரை நம் கிரிக்கெட் வாரியமே ஆட்டத்தைக் காட்டச் சொல்லி தூர்தர்ஷனுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கட்டியது பணம் மட்டும்தான், ஆட்டத்தை எழுதிக் கொடுத்துவிடவில்லை. அதனால்தான் 1993இல் இங்கிலாந்து அணி வந்தபோது உரிமையை வெளியே ஒரு நிறுவனத்துக்கு விற்க முடிந்தது. அதே வருடம் ஹீரோ கோப்பையில் தூர்தர்ஷனோடு தகராறு முற்றி உச்ச நீதிமன்றம் வரை போனது. அலைவரிசை பொதுச் சொத்து, அரசாங்கத்தின் ஏகபோகம் அல்ல என்று 1995இல் தீர்ப்பு வந்தது. பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

ஆகவே பணம் கட்டுவதைப் பற்றி அப்புறம் பேசுவோம். உங்கள் ஒப்பந்தத்தில் என் கண்ணை உறுத்துவது நான்காம் பக்கம்.

அதற்கு முன்னால் ஒரு அடிப்படை விஷயம். 'ஒளிபரப்பு உரிமை' என்று எல்லோரும் சொல்கிறோமே, அது உங்களிடம் எங்கே இருக்கிறது? ஆட்டத்துக்கு என்று தனியாகக் காப்புரிமை (காப்பிரைட்) கிடையாது. ஒரு கதைக்கோ பாட்டுக்கோ இருப்பதுபோல ஒரு ஸ்மாஷுக்கு இருக்காது. காப்புரிமை வருவது அதைப் படம் பிடித்த பிறகு, அந்தப் படத்துக்கு. அதுவரை உங்கள் உரிமை மைதானத்தின் கேட்டில்தான் இருக்கிறது. யார் கேமராவோடு உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் விற்கச் சரக்கு இருக்கிறது. உங்கள் போட்டி நடப்பது அரசு உதவிபெறும் பள்ளி மைதானத்தில். தலைமையாசிரியர் வாய்வார்த்தையாகச் சரி என்று சொல்லித்தான் நாற்பது வருடமாக ஓடுகிறது. நாளைக்கு ஒப்பந்தம் என்று வந்தால் அது போதாது. இந்தத் தேதிகளில் மைதானம் கழகத்தின் பொறுப்பில், படம் பிடிக்க அனுமதிப்பதும் மறுப்பதும் கழகமே என்று பள்ளி நிர்வாகத்திடம் ஒரு கடிதம் வாங்குங்கள். மாநிலச் சங்கத்திடம் போட்டிக்கு அனுமதி வாங்கியிருப்பீர்கள். அந்த அனுமதிக் கடிதத்தில் ஒளிபரப்பு பற்றி நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். வாலிபாலில் இதே மாதிரி யாருக்கு எது சொந்தம் என்ற சிக்கல்தான் வந்தது. 2019இல் ப்ரோ வாலிபால் லீக் ஒரே ஒரு சீசன் நடந்தது. சென்னை அணிதான் ஜெயித்தது. அதோடு சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் முறிந்துபோனது. திரும்ப வேறு பெயரில், வேறு அமைப்பில் லீக் வர 2022 ஆகிவிட்டது.

இனி நான்காம் பக்கம். அங்கே மூன்று வரி இருக்கிறது. சுருக்கமாகத் தமிழில் சொன்னால்: இன்றைக்கு இருக்கும், இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், பத்து வருடத்துக்கு, அவர்கள் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், உரிமை அவர்களுக்கு.

இதில் விசேஷம் என்னவென்றால், ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால் நீங்கள் இதைவிட நன்றாக இருந்திருப்பீர்கள். நம் காப்புரிமைச் சட்டத்தின் 19வது பிரிவு சின்னவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்த பிரிவு. எத்தனை வருடம் என்று எழுதவில்லையென்றால் ஐந்து வருடம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். எந்த இடம் என்று எழுதவில்லையென்றால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஒரு வருடம் வரை உரிமையைப் பயன்படுத்தாமல் சும்மா வைத்திருந்தால், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அந்த உரிமை காலாவதி. அந்த 'ஒழிய'வைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் வக்கீல் 'பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும்' என்று எழுதியிருக்கிறார். தெரிந்து எழுதியது. சட்டம் உங்களுக்குக் கொடுத்த மூன்று பாதுகாப்பையும் மூன்றே வரியில் துடைத்துவிட்டார். வேலை தெரிந்தவர், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இந்த வரியின் கனம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், நானே ஒரு முறை விட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிது. வேறொரு சின்ன விளையாட்டின் சங்கத்துக்காகப் பேசப் போனேன். சேனல்காரர்கள் ஒன்றும் தர மாட்டோம் என்றார்கள், நான் மல்லுக்கட்டி ஒன்றரை லட்சம் வாங்கிக் கொடுத்தேன். சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போட்டார்கள். ஊடகப் பட்டியலையும் பழைய ஃபுட்டேஜ் யாருக்கு என்பதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு சீசன் காட்டினார்கள், அதோடு நிறுத்திவிட்டார்கள். சில வருடம் கழித்து அந்த விளையாட்டின் நல்ல ஆட்டக்காரர் ஒருவர் இறந்துபோனார். இரங்கல் கூட்டத்தில் போட்டுக் காட்ட அவர் ஆடிய இரண்டு நிமிடம் வேண்டும் என்று சங்கம் கேட்டது. கடிதத்துக்குப் பதில் இல்லை, அந்தப் பொறுப்பில் இருந்தவர்களே மாறிவிட்டார்கள். கடைசியில் யாரோ ஒருவர் வீட்டு டிவியிலிருந்து செல்போனில் பிடித்து வைத்திருந்த துண்டைப் போட்டார்கள். பின்னணியில் குக்கர் விசில் கேட்டது. நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பணத்தில் இறங்கிப் போங்கள், காலத்திலும் ஃபுட்டேஜிலும் இறங்காதீர்கள். இன்றைய நிலையில் உங்கள் போட்டிக்குச் சந்தை விலை கிட்டத்தட்ட பூஜ்யம். இதைக் கேட்க வருத்தமாக இருக்கும், ஆனால் பேச்சுவார்த்தைக்குப் போகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். விலை பூஜ்யமாக இருக்கும்போது நீண்ட காலத்துக்கு விற்பதைப்போல முட்டாள்தனம் வேறில்லை. ஒரு வருடம் கொடுங்கள். மிஞ்சிப்போனால் இரண்டு. டிவி மட்டும், தமிழ் மட்டும். யூடியூபும் மற்ற இணைய வழிகளும் உங்களிடமே இருக்கட்டும். 'முதலில் எங்களிடம்தான் கேட்க வேண்டும்' என்று ஒரு வரி கேட்பார்கள், அதைக் கொடுக்கலாம். 'வேறு யார் என்ன விலை சொன்னாலும் அதே விலைக்கு எங்களுக்குத்தான்' என்று கேட்டால் கொடுக்காதீர்கள். இந்த இரண்டும் கேட்க ஒன்றுபோல இருக்கும். இரண்டாவது இருக்கிறது என்று தெரிந்தால் வேறு சேனல்காரர் விலை சொல்லவே வரமாட்டார். தான் பேசி முடித்ததை இன்னொருவர் தூக்கிப் போவதற்கு அவர் ஏன் மெனக்கெட வேண்டும்?

அந்தப் 'பயன்படுத்தினாலும்' வரியை அடித்துவிட்டு இப்படி எழுதச் சொல்லுங்கள்: 'போட்டி முடிந்த 30 நாளுக்குள், மாலை 6 மணியிலிருந்து இரவு 10 மணிக்குள் ஒளிபரப்பாத ஆட்டங்களின் உரிமை எந்த அறிவிப்பும் இன்றிக் கழகத்துக்குத் திரும்பிவிடும்.' நேரத்தைக் கட்டாயம் எழுதுங்கள். இல்லாவிட்டால் காலை ஐந்தரைக்கு, ராசிபலனுக்கு முன்னால் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்பார்கள்.

சரி, நான்கு லட்சத்துக்கு வருவோம். அதன் கீழே பொடி எழுத்தில் 'வரி தனி' என்று இருக்கிறது, கவனித்தீர்களா? 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 4,72,000. அது எதற்கான பணம் என்று பார்த்தால் முக்கால்வாசியும் படம் பிடிக்கும் செலவு: கேமரா, ஆட்கள், வண்டி, தங்கும் இடம், சாப்பாடு. சென்னையிலிருந்து ஒரு கூட்டத்தைக் கிளப்பிக்கொண்டு வர வேண்டும் அல்லவா? அந்தச் செலவை அவர்கள் தலையிலிருந்து நீங்கள் எடுத்துவிட்டால் பேச்சே மாறிவிடும்.

உங்கள் ஊரிலேயே கல்யாணத்துக்கு நாலு கேமரா போட்டு, மிக்சரில் மாற்றி மாற்றி மண்டப வாசல் திரையில் ஓட்டுகிறவர்கள் இருப்பார்கள். ஊர்க் கபடிப் போட்டிகளை யூடியூபில் லைவ் போடுவதும் இந்த மாதிரிப் பையன்கள்தான். அவர்களை மூன்று இரவுக்குப் பேசுங்கள். தயாரான படத்தைச் சேனலுக்குக் கொடுங்கள், ஒளிபரப்புவது மட்டும் அவர்கள் வேலை. இப்படிச் செய்தால் படத்தின் சொந்தக்காரர் நீங்கள். ஆனால் அந்தப் பையன்களிடமும் ஒரு பக்கம் எழுதி வாங்கிவிடுங்கள், எடுத்த எல்லா ஃபுட்டேஜும் கழகத்துக்கே சொந்தம் என்று. 'நம்ம பையன்தானே' என்று விடாதீர்கள். சேனலுக்குக் கொடுக்கும் படத்தில் ஸ்கோர், லோகோ எதுவும் பதியாத சுத்தமான பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வர்ணனையும் தனி ட்ராக்கில் இருக்கட்டும்.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பூப்பந்து டிவிக்கு எடுக்கச் சிரமமான ஆட்டம். போன வருடம் ஒரு மின்னொளிப் போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். உள்ளூர்க் கேமராக்காரர், ஷட்டில் எடுத்துப் பழகியவர்போல, பக்கவாட்டில் நெட்டுக்கு நேரே நின்றுகொண்டார். 24 மீட்டர் நீளக் கோர்ட், உள்ளே பத்துப் பேர். கம்பளிப் பந்து ஐந்து சென்டிமீட்டர்தான், முப்பது கிராமுக்குள் எடை. பின்கோர்ட்டிலிருந்து ஒருவர் கட் பண்ணினார். கேமரா திரும்புவதற்குள் பந்து எதிர்ப்பக்கம் போய், அங்கிருந்து திரும்பியும் வந்துவிட்டது. மானிட்டரில் பார்த்தால் பத்துப் பேர் எதையோ தேடி ஓடுவதுபோல இருந்தது. அடுத்த செட்டில் அவரைப் பின்கோட்டுக்குப் பின்னால், பந்தல்காரர் போட்டிருந்த சாரத்தில் பத்துப் பதினைந்து அடி உயரத்துக்கு ஏறச் சொன்னார்கள். உடனே ஆட்டம் புரிந்தது. யார் எந்த இடத்தைக் காக்கிறார்கள், எங்கே இடைவெளி விழுகிறது, சர்வ் போடுகிறவர் யாரைக் குறிவைக்கிறார், எல்லாம் தெரிந்தது. இன்னொன்றும் பார்த்தேன். பந்து மஞ்சள். பின்னால் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தால் பந்து அதில் கரைந்துவிடுகிறது. எதிர்ப்பக்கம் கரும்பச்சை நிழல்வலை கட்டினால் போதும், உரக்கடையிலேயே கிடைக்கும். விளக்கையும் கேமராவில் ஒரு முறை சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மலிவான எல்இடி கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், படத்தில் வரி வரியாக ஓடும்.

இதெல்லாம் ஒளிபரப்பு உரிமையில் சேர்த்தியா என்று கேட்கலாம். சேர்த்திதான். பேச்சுவார்த்தைக்குப் போகும்போது கையில் இப்படி எடுத்த ஐந்து நிமிடப் படம் இருந்தால், எதிரே இருப்பவர் உங்களைப் பார்க்கும் பார்வையே வேறு. மற்ற விளையாட்டுகளும் கேமராவுக்காக வளைந்தவைதான். டேபிள் டென்னிஸில் 2000இல் பந்தை 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆக்கினார்கள், அடுத்த வருடமே 21 புள்ளி கேமை 11 ஆக்கினார்கள். உங்களிடமும் 'முப்பத்தைந்து புள்ளியைக் குறைக்க முடியுமா' என்று சேனல்காரர் கேட்பார். அனுமதி பெற்ற போட்டி, விதி சம்மேளனத்தின் கையில் என்று சொல்லிவிடுங்கள். அப்படியே நாற்பது வருடமாக வரும் டீம்களை அதற்காகப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

பணத்தை எங்கிருந்து எடுப்பது? விளம்பர நேரத்திலிருந்து. ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம்தான் விளம்பரம் போடலாம் என்பது விதி. அரை மணிக்கு 6 நிமிடம். அதில் 2 நிமிடம் உங்களுக்கு என்று கேளுங்கள், அதாவது முப்பது வினாடி விளம்பரம் நான்கு. உங்கள் போட்டிக்கு வழக்கமாக ஃப்ளெக்ஸ் போடும் ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் உரக்கடைக்கும் 'டிவியிலும் வருகிறீர்கள்' என்று சொல்லி விற்கலாம். உங்கள் வரைவின் ஐந்தாம் பக்கத்தில், மைதான போர்டுகளையும் சேனலே விற்கும் என்று ஒரு வரி இருக்கிறது. அதை விட்டுக்கொடுத்தால் நாற்பது வருடமாக உங்களுக்குக் கைகொடுத்த கடைக்காரரிடம் நீங்களே போய், 'அண்ணே, இந்த வருடம் உங்கள் போர்டு கிடையாது' என்று சொல்ல வேண்டிவரும்.

கபடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லோரும் கேட்பதுதான். 2014இல் ப்ரோ கபடி தொடங்கியது, அடுத்த வருடமே ஸ்டார் நிறுவனம் அந்த லீக்கை நடத்தும் கம்பெனியில் 74 சதவீதத்தை வாங்கிவிட்டது. 2021இல் ஐந்து சீசன் உரிமை 900 கோடியைத் தாண்டிப் போனது, அதை எடுத்ததும் ஸ்டார்தான். அங்கே ஒளிபரப்புகிறவரே சொந்தக்காரர்களில் ஒருவர். தன் வீட்டுப் பிள்ளை என்பதால் பிரைம் டைம் கொடுத்து வளர்த்தார். அதோடு கபடி 1990இலிருந்து ஆசிய விளையாட்டில் இருக்கிறது, நம் ஆட்கள் தங்கம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். பூப்பந்துக்கு அந்த மேடை இல்லை. 1970இல் பூப்பந்து ஆட்டக்காரர் பிச்சையாவுக்கு அர்ஜுனா விருது கிடைத்த காலத்தில் இருந்த பேர், ரயில்வேயும் வங்கிகளும் டீம் வைத்து வேலை கொடுத்த காலத்தில் இருந்த கூட்டம், இரண்டும் இன்று இல்லை. அகாடமிக்குப் போகும் பையன் கையில் ஷட்டில் ராக்கெட்டைத்தான் அப்பா வாங்கிக் கொடுக்கிறார். இரண்டு அரை மணி நேர நிகழ்ச்சி இதை மாற்றும் என்று உங்கள் தலைவர் நம்பினால், அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். ஆனால் பக்கத்து ஊர்ப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர், கோர்ட்டில் மறுபடியும் சுண்ணாம்புக் கோடு போடும் அளவுக்கு ஒரு நல்ல படம் வேலை செய்யும். நீங்கள் யூடியூபைக் கையில் வைத்திருந்தால் அந்தப் படம் வருடம் முழுக்கக் கிடைக்கும்.

யூடியூப் என்றதும் ஞாபகம் வருகிறது. செட்டுக்கு நடுவே மைக் செட்காரர் சினிமாப் பாட்டுப் போடுவார் இல்லையா? லைவில் அது ஓடினால் காப்புரிமைப் புகார் வந்து சத்தத்தை நிறுத்திவிடுவார்கள், சில சமயம் படத்தையே எடுத்துவிடுவார்கள். மூன்று நாளும் பாட்டு வேண்டாம். நாதஸ்வரத்தையோ பறையையோ நேரில் வாசிக்கச் சொல்லுங்கள், வாசிப்பவர்களிடமும் படம்பிடிக்கச் சம்மதம் வாங்கிக்கொண்டு.

அடுத்த சந்திப்புக்குத் தலைவரையும் பொருளாளரையும் சேர்த்தே கூட்டிப் போங்கள். ஆசைப்படுகிறவர் ஒருவர், முறைக்கிறவர் ஒருவர் என்று இருப்பது பேரத்துக்கு நல்லது. கையெழுத்தை மட்டும் அங்கே வைத்துப் போடாதீர்கள். 'செயற்குழுவில் தீர்மானம் போட வேண்டும்' என்று எழுந்து வந்துவிடுங்கள். சாக்கு இல்லை, பதிவு பெற்ற சங்கத்துக்கு அது வேண்டும்தான். தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றைக் கேளுங்கள், இரண்டுக்கும் முரண் வந்தால் எது செல்லும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மாற்றிய வரைவு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். கட்டணம் வேண்டாம், ஃபைனல் அன்று சாரத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

ஏப்ரல் கடைசியில் பள்ளி அடைத்துவிடுவார்கள். பள்ளி நிர்வாகத்தின் கடிதத்தை அதற்கு முன் வாங்கிவிடுங்கள்.